ராணிகள் குளித்த மண்டபம்

ஐயா,

போன கிழமை பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டிப் போனோம். தலதா மாளிகைக்குப் பக்கத்தில் வாவித் தண்ணீரை ஒட்டி நிற்கும் மாடிக் கட்டடத்தைக் காட்டி, ராணிகள் குளித்த இடம் என்றார் ஒருவர். ஆனால் அது பொலிஸ் இருக்கிற கட்டடம் என்கிறார்களே, எது சரி? “இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

கொட்டகலையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

இரண்டும் சரிதான். சிங்களத்தில் அதற்கு உல்பன்கே என்று பேர். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தன் அரசிகள் குளிக்கக் கட்டியது. கீழ்த்தளம்தான் அவன் காலத்தது. வாவியும் அவன் வெட்டியதே. அதற்கு முன் அங்கே வயல் கிடந்தது. 1812இல் வாவி வேலை முடிந்தது. 1815 பெப்ரவரியில் அவனைப் பிடித்துவிட்டார்கள். அரசிகள் இல்லாமல் போன மண்டபத்தின் மேல் ஆங்கிலேயர் ஒரு மாடியை எழுப்பி, தங்கள் படையினருக்கு நூலகம் ஆக்கினார்கள். வாவி நடுவிலுள்ள தீவில் வெடிமருந்தை வைத்தார்கள். பொலிஸ் வந்தது பிற்பாடு. பொலிஸ் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கீழ்த்தளத்தின் கதையும் மேல்மாடியின் கதையும் மூன்று மொழியிலும் அந்த வாசலிலேயே படிக்கக் கிடைக்க வேண்டும்.

இனி மகளின் கேள்வி. அந்த மன்னனின் இயற்பெயர் கண்ணுசாமி. 1739 முதல் கண்டியை ஆண்டவர்கள், முந்தைய கண்டி அரசர்கள் மதுரைப் பக்கம் பெண் எடுத்த வழியில் வந்த நாயக்கர்கள். அவர்களின் உறவினர் குடியிருந்த குமருப்பே வீதிதான் பிறகு மலபார் வீதி ஆனது. அதற்காக “அவர் நம்ம ராஜா” என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனமில்லை. அரண்மனை வேறு, நம் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் வேறு.

சம்பந்தம் கடலில் இருக்கிறது. 1816இல் அவனைக் குடும்பத்தோடு வேலூருக்குக் கொண்டுபோனார்கள். 1832இல் அங்கேயே செத்தான். அவனை நாடு கடத்திப் பத்து வருடம் ஆகுமுன்னே கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் போட்டாயிற்று. அந்தக் கோப்பிக்காகத்தான் நம் ஆட்கள் அக்கரையிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டுவழியே நடந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அரசனை அங்கே அனுப்பிய ஆட்சிதான் நம்மை இங்கே இழுத்தது. அந்த மாடியைக் கட்டியதும் அதே ஆட்சிதான்.

சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலா போனபோது, வாவியைச் சுற்றி அலை அலையாக நெளிந்து போகும் முகில் சுவரின் முக்கோணக் குழி ஒன்றுக்குள் கையை விடச் சொன்னார் எங்கள் டீச்சர். உள்ளே சில்லென்று ஈரம். திருவிழா நாட்களில் விளக்கேற்றி வைக்கிற குழி அது என்றார். மன்னன் பிடிபட்டதால் அந்தச் சுவர் வாவியை முழுக்கச் சுற்றாமல் பாதியிலேயே நிற்கிறது. அடுத்த முறை மகளோடு அதை ஒட்டியே நடந்து போங்கள். அது முடிகிற இடத்தில் நின்று, அவளுக்கு 1815ஐச் சொல்லுங்கள்.