கல்வியியல் இளங்கலையில் தனியாக ஆய்வேடு செய்ய வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

கடைசி வருடம், தலைப்பு 'வகுப்பறையில் தொழில்நுட்பம்', முதலில் எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகம் அப்புறம். உங்களால் யாரிடம் பேச முடியும், எந்தத் தரவு கைக்குக் கிடைக்கும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள், கேள்வி அதிலிருந்து வரட்டும்.

இப்போது நீங்கள் வைத்திருப்பது தலைப்பே இல்லை, ஒரு பெரிய துறை. 'தொழில்நுட்பத்தால் மதிப்பெண் உயருகிறதா' என்று கேட்டால் அதற்குப் பல பள்ளிகள் வேண்டும், ஒப்பிட இன்னொரு குழு வேண்டும், நீண்ட காலம் வேண்டும், தனி ஒரு மாணவரால் முடியாது. 'புதிதாக வேலைக்குச் சேர்ந்த தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், வீட்டுப்பாடத்தைச் செயலியில் திருத்துவது பற்றி என்ன நினைக்கிறார்கள்' என்று கேளுங்கள், ஐந்தாறு நேர்காணலில் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும். சின்னக் கேள்வி என்று கூச்சப்படாதீர்கள், நல்ல இளங்கலை ஆய்வேடுகள் எல்லாம் இந்த அளவில்தான் இருக்கும்.

அடுத்தது அனுமதி. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். குழந்தைகளிடம் பேசப் போகிறீர்கள் என்றால் கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழு, பள்ளித் தலைமை, பெற்றோர், கடைசியாக அந்தக் குழந்தை என்று எல்லோரும் சரி சொல்ல வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்டபிறகும் குழந்தை முகம் சுளித்தால் நிறுத்திவிட வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அவ்வளவுக்கு நேரம் இல்லையென்றால் ஆசிரியர்களிடம் பேசுங்கள், அல்லது ஆவணங்களை எடுங்கள்: பாடநூல்கள், கலைத்திட்டம், கொள்கை அறிக்கைகள். எண்களில் ஆர்வம் இருந்தால், பல நாடுகளின் 15 வயது மாணவர்களை வைத்து 2000-லிருந்து நடக்கும் பீசா (PISA) என்ற சர்வதேசத் தேர்வின் தரவு இணையத்தில் இலவசம். இதற்கும் நெறிமுறைப் படிவம் கேட்கலாம், ஆனால் வேலை குறைவு.

பயிற்சிக்குப் போன பள்ளியிலேயே நேர்காணல் எடுப்பது வசதிதான். ஆனால் உங்களைத் தெரிந்தவர்கள் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லவும் வாய்ப்பு இருக்கிறது, அதை மறைக்காமல் ஆய்வு முறை அத்தியாயத்தில் எழுதுங்கள், தேர்வாளர்கள் அந்த நேர்மையைத் தேடுவார்கள்.

பதிவு செய்த ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தாக்க நான்கு மணி நேரமாவது போகும். மென்பொருள் செய்தாலும் ஒருமுறை முழுக்கக் கேட்டுத் திருத்தத்தான் வேண்டும், அப்படிக் கேட்கும்போதுதான் பேசியவர் எங்கே தயங்கினார் என்பது பிடிபடும்.

பகுப்பாய்வுக்கு நிறையப் பேர் பிரவுன், கிளார்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-ல் எழுதிய கருப்பொருள் பகுப்பாய்வுக் கட்டுரையைச் சொல்வார்கள், அதாவது நேர்காணல்களில் பொதுவாக ஓடும் கருத்துகளைத் தேடி எடுக்கும் முறை. மாணவர்கள் பலர் அந்த முறையின் ஆறு கட்டங்களையும் அத்தியாயத்தில் வரிசையாக விவரித்துவிட்டு, கடைசியில் 'நன்மைகள்', 'தீமைகள்', 'சவால்கள்' என்று மூன்று தலைப்பில் முடித்துவிடுகிறார்கள். இவை கருப்பொருளே இல்லை, பேச்சை அள்ளிப் போட்ட கூடைகள். 'செயலி நேரத்தை மிச்சப்படுத்துகிறது, ஆனால் எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது ஆசிரியர் கண்ணில் படாமல் போகிறது' என்பதுதான் கருப்பொருள், ஏனென்றால் அது ஒன்றைச் சொல்கிறது, மறுத்துப் பேசவும் இடம் கொடுக்கிறது. ஆய்வேட்டின் உயிரே இந்த இடத்தில் இருப்பதால் கிடைக்கும் நேரத்தில் பெரும்பங்கை இதற்கு ஒதுக்குங்கள்.

தனி ஆய்வு என்றால் நெறியாளரைப் பார்க்கவே கூடாது என்று அர்த்தமில்லை. 'என்ன செய்யட்டும்' என்று வெறுங்கையோடு போகாமல் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள், அவரும் எழுதியதைப் பார்த்துத்தான் பேச முடியும். இந்த வாரமே கேள்வியை ஒற்றை வாக்கியமாக்கி அவருக்கு அனுப்புங்கள், கூடவே நெறிமுறைக் குழு அடுத்து எப்போது கூடுகிறது என்றும் கேட்டுவிடுங்கள்.