பதில்: டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்குத் தோளில் கட்டி, எம்ஆர்ஐ அவசியமா?

வணக்கம் சகோ. ஆறு வருஷ டயாலிசிஸ், தோளில் கல்லு மாதிரி கட்டி, எக்ஸ்ரேயில் 'கால்சியம் படிவு', இப்போ ஊசி போட்டு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றாங்க, இது கேன்சரான்னு கேட்டிருந்தீங்க. நான் ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கிறவன், டாக்டர் இல்லை. படத்தைப் பார்க்காம 'இல்லை'ன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சிறுநீரகம் செயலிழந்தவங்களுக்கு ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறி, மூட்டைச் சுத்தி இப்படிக் கால்சியம் படியறது தெரிஞ்ச விஷயம்தான்.

என்னைக் கேட்டா, முதல்ல ஊசி போடாத சிடி போதுமான்னு கேளுங்க. கால்சியத்தை எம்ஆர்ஐ சரியா காட்டாது, பெரும்பாலும் கறுப்பாத்தான் தெரியும். சிடியில் வெள்ளையாப் பளிச்சுன்னு தெரியும். சில கட்டிகளுக்குள்ள சுண்ணாம்புத் தண்ணி மாதிரி திரவம் இருக்கும். அப்பா மல்லாந்து படுத்திருக்கும்போது கால்சியம் அடியில் தங்கி, மேலே தெளிஞ்சு, நடுவில் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கும். அந்தக் கோடும், பக்கத்து எலும்பு அரிக்காம இருக்கறதும் நல்ல அறிகுறி.

எம்ஆர்ஐ வேணும்னே சொன்னா, டயாலிசிஸ் விஷயத்தை ஸ்கேன் ஆளுங்ககிட்ட மறக்காம சொல்லுங்க. எம்ஆர்ஐக்கு ஊசியில் போடறது கடோலினியம்ங்கற மருந்து. அதில் பழைய வகை, சிறுநீரகம் செயலிழந்த சிலருக்குத் தோலை இறுக வச்சிருக்கு. புது வகைகளில் அந்த ஆபத்து ரொம்பக் குறைவு.

கால்சியம், பாஸ்பரஸ், பிடிஹெச் (கால்சியத்தைக் கட்டுப்படுத்தற ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையோட கொண்டு போங்க. தோலில் தாங்க முடியாத வலியோட கருநீலத் திட்டு வந்தா அது வேற கதை, அன்னிக்கே டாக்டரைப் பாருங்க.