வீட்டில் வேதம் (பைபிள்) கற்பிப்பது: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

கேள்வி: அக்கா, வேலை முடிந்து வீடு வர இரவு ஏழாகிவிடுகிறது. மூன்று பிள்ளைகள். வேதம் சொல்லிக்கொடுக்க நேரம் எங்கே?

பதில்: உபாகமம் 6:7 பாருங்கள். வீட்டில் இருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது பேசு என்கிறது. பஸ் நிறுத்தம் வரை நடக்கிற பத்து நிமிடமும் அதில் சேரும்.

முன்னூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் எப்வொர்த் ஊரில் இருந்த, ஒரு போதகரின் மனைவி சூசன்னா வெஸ்லி பெற்றது 19 பிள்ளைகள். குழந்தையிலேயே இறந்தவர்கள் போக மிஞ்சியது 10. அவர்களுக்கு வீட்டிலேயே பாடம். எழுத்துக் கற்றதும் ஆதியாகமம் முதல் அதிகாரம்தான் வாசிப்புப் பாடம். பெண் பிள்ளை நன்றாக வாசிக்கப் பழகும் முன் அவளைத் தையல் வேலையில் உட்கார வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டு விதி. அந்தக் காலத்தில் இதை யோசித்திருக்கிறாரே என்று எனக்கு இன்றும் வியப்பு. அப்புறம், வாரத்தில் ஒரு மாலை ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசுவார். பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய மகன் ஜானுக்கு வியாழன். வளர்ந்து ஆக்ஸ்போர்டுக்குப் போன பிறகும் அந்த வியாழன் நேரத்தைத் தனக்காக ஒதுக்கச் சொல்லி அம்மாவுக்கு எழுதினார் ஜான். நீங்களும் பிள்ளைக்கு ஒரு நாள் என்று மூன்று நாள் வையுங்கள். பதினைந்து நிமிடம் போதும்.

கேள்வி: ஜெபம், வசனம் எல்லாம் மனைவி பார்த்துக்கொள்கிறாள். அது சரிதானே அக்கா?

பதில்: இல்லை தம்பி. பிள்ளைகளைக் கர்த்தருக்கேற்ற போதனையில் வளர்க்கச் சொல்லும் எபேசியர் 6:4 “பிதாக்களே” என்றுதான் தொடங்குகிறது.

கேள்வி: குணசாலியான பெண்ணைப் பற்றிய நீதிமொழிகள் 31 வாசித்தாலே சோர்வாகிறது. நான் குணசாலி இல்லையோ?

பதில்: அது ராஜாவாகிய லேமுவேலுக்கு அவன் தாய் போதித்தது என்று முதல் வசனமே சொல்கிறது. மகனுக்குச் சொன்னதை நாம் மகள்களின் மதிப்பெண் அட்டையாக்கிவிட்டோம். “குணசாலி” என்ற இடத்தில் எபிரெயுவில் உள்ள சொல்லுக்குப் பலம், திறமை என்று பொருள்; இஸ்ரவேலின் படைத்தலைவன் கிதியோனைப் “பராக்கிரமசாலி” என்றதிலும் அதே சொல் உண்டு. ரூத் 3:11-இல் போவாஸ் ரூத்தைக் குணசாலி என்கிறான். அன்று அவள் கதிர் பொறுக்கிப் பிழைத்த விதவை. கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. மனதைத் தளரவிடாதீர்கள் சகோதரி.

கேள்வி: பெண்கள் பெரியவர்களுக்குப் போதிக்கலாமா?

பதில்: இதில் சபைக்குச் சபை நடைமுறை வேறு. ஆனால் அப்பொல்லோ என்ற பிரசங்கிக்குத் தேவனுடைய மார்க்கத்தை விளக்கியவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருத்தி (அப்போஸ்தலர் 18:26). சூசன்னாவும் 1711-12 குளிர்காலத்தில் போதகரான கணவர் லண்டனில் இருந்தபோது, ஞாயிறு மாலை வீட்டாருக்குப் பிரசங்கம் வாசித்தார். அக்கம்பக்கத்தார் சேர்ந்து சுமார் 200 பேர் ஆனார்கள். நிறுத்தச் சொல்லிக் கணவர் எழுதினார். விருப்பமாகச் சொன்னால் போதாது, கட்டளையாகவே இடுங்கள், நியாயத்தீர்ப்பு நாளில் அதற்கு நீங்களே பொறுப்பு என்று சூசன்னாவின் பதில் போனது. அவர் கட்டளையிடவில்லை.