கை இரண்டையும் எங்கே வைப்பது?

கேள்வி: கல்லடி அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படித்தேன். மூன்று வருடங்களாக மேடையில் நடிக்கிறேன். சென்ற மாதம் கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்கான நடிகர் தேர்வுக்குப் போனேன். இரண்டு வசனம் பேசுவதற்குள் இயக்குநர் நிறுத்தி, "தங்கச்சி, இது கூத்துக் களரி இல்லை, கையைக் கட்டிப்போடுங்கள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் சின்ன வேடம் ஒன்று கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் படப்பிடிப்பு. மேடையில் படித்ததை மறந்தால்தான் கமராவுக்கு முன்னால் நிற்க முடியுமா? அம்மாவோ, இந்த அலைச்சல் வேண்டாம், ஆசிரியர் நியமனத்துக்குப் பார் என்கிறார்.
– வாசகி, செட்டிபாளையம்

பதில்: மகள், அந்தச் சிரிப்பு எனக்கும் பழக்கமானதுதான். எண்பதுகளில், அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்த காலம், கொழும்பில் ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் நான் முதல் வசனத்தைப் பேசியதும் ஒலிப்பதிவாளர் காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. காதை மட்டும் தடவிக்கொண்டார். அன்று இரவு ரயிலில் மட்டக்களப்புக்கு வந்து சேரும்வரை நான் ஒருவருடனும் பேசவில்லை.

ஆனால் கூத்தாடும் வட்ட மேடையான களரியை அந்த இயக்குநர் பழித்தாரே, அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் என் பெரியப்பா சுபத்திரை வேடம் கட்டுவார். அன்று கூத்தில் பெண்களுக்கு இடமில்லை. மீசையை வழித்து, பெரியம்மாவின் கல்யாணச் சேலையை உடுத்திக்கொண்டு அவர்தான் பெண். சுற்றிவரச் சனம் இருக்கும். அவர் கையைத் தூக்கினால் கடைசி வரிசைக்குப் பின்னால் கச்சான் விற்கிற பெண்ணுக்கும் அது விளங்கவேண்டும், முதுகுப் பக்கம் இருப்பவனுக்கும் விளங்கவேண்டும். அதுவும் விடியும்வரை. அவ்வளவு தூரத்துக்கு அளந்து வைத்த கை அது. உங்கள் கையும் அந்த அளவில்தான் பழகியிருக்கிறது. கையில் குறை இல்லை, தூரம்தான் மாறிவிட்டது.

இந்தக் கைப் பிரச்சினை தொலைக்காட்சியின் வயதளவு பழையது. 1928 செப்டெம்பர் 11ஆம் திகதி, அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி என்ற ஊரிலிருந்து முதன்முதலாக ஒரு நாடகம் தொலைக்காட்சியில் போனது. 'அரசியின் தூதன்' என்ற ஓரங்க நாடகம். ஏறத்தாழ 40 நிமிடம், நேரலை. அதில் பெண் வேடத்தில் நடித்தவர் இசெட்டா ஜுவல். நல்ல மேடை நடிகை. காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ஒருவரை மணந்து மேடையை விட்டவர், கணவர் இறந்தபின் அரசியலில் இறங்கி, செனட் சபை வேட்பாளராகக் கட்சியிடம் இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் தோற்றவர். நாற்பத்துநான்கு வயதில் இந்தப் புதுப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

அங்கே மூன்று கமராக்கள். அவர் முகத்துக்கு ஒன்று, உடன் நடித்தவரின் முகத்துக்கு ஒன்று. மூன்றாவது கமரா கைகளுக்கும் கையிலிருக்கும் பொருட்களுக்கும். படம் தெரிந்ததோ மூன்று அங்குலச் சதுரத்தில், உள்ளங்கை அகலம்கூட இல்லை. முகமும் கையும் அதற்குள் ஒன்றாக அடங்காது. அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? கைக்கென்று வேறு இரண்டு பேரை வைத்தார்கள். வசனம் பேசியது இசெட்டா. கை நீட்டியது இன்னொரு பெண்! எங்கள் பெரியப்பா பெண்ணாக நின்றதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதற்கும் கொஞ்சம் சிரிக்கலாம்.

உங்கள் இயக்குநர் இரவல் கை கேட்கவில்லை, கட்டிப்போடச் சொன்னார், அவ்வளவுதான். அதையும் நீங்கள் அப்படியே செய்யவேண்டாம். கட்டிய கை தோளை இறுக்கும், தோள் குரலை இறுக்கும். அதற்குப் பதில், ஒவ்வொரு காட்சிக்கும் முன் ஒளிப்பதிவாளரிடம் போய், "அண்ணா, எதுவரை தெரியும்?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. முழு உருவம் என்றால் கை தாராளமாக நடமாடட்டும். நெஞ்சுவரை என்றால் முழங்கையை விலாவோடு விடுங்கள். முகம் மட்டும் என்றால், குறுக்கே போகும் கை காகம் பறந்ததுபோல இருக்கும். கல்லடிப் பாலத்தின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரைக்குக் கூப்பிடுவதும், ஒரே தோணியில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதும் ஒரே செய்திதானே? கமரா சில வேளை அந்தக் கரையில் நிற்கும், சில வேளை தோணிக்குள் ஏறிவிடும். எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும், மீதியை மேடை உங்களுக்குச் சொல்லித்தந்துவிட்டது.

இந்த மாதம் முழுக்க இதைச் செய்யுங்கள். ஒரே வசனத்தைக் கைப்பேசியைப் பத்தடி தள்ளி வைத்து ஒரு முறை, ஒரு முழத்தில் வைத்து ஒரு முறை பதிவு செய்து பாருங்கள். தேநீர்க் கோப்பையை எந்தச் சொல்லில் எடுத்தீர்களோ ஒவ்வொரு தடவையும் அதே சொல்லில் எடுத்துப் பழகுங்கள். ஒரே காட்சியை நாலு கோணத்தில் எடுப்பார்கள், கை மாறினால் வெட்டி ஒட்டுபவர் உங்களைத்தான் திட்டுவார்.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நியமனத்துக்கு விண்ணப்பியுங்கள். நாடகமும் அரங்கியலும் பள்ளிக்கூடத்தில் பாடமாக இருப்பது உங்களைப் போன்றவர்களுக்கு வாய்த்த வசதி. வேலை கிடைத்தபின் நடிக்கப் போவதென்றால் திணைக்களத்தில் அனுமதி கேட்கவேண்டி வரலாம், முன்கூட்டியே விசாரித்துவையுங்கள். சம்பளத்தையும் பேசுங்கள்: எத்தனை நாள், ஒரு நாளுக்கு எவ்வளவு, பயணச் செலவும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். கே. பி. சுந்தராம்பாள் பேர் எடுத்தது மேடையில்தான், கொழும்பு மேடையும் அதில் சேரும். அவர் 1935இல் ஆண் வேடத்தில், நந்தனாராக, படத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். உங்களுக்கு லட்சம் தரமாட்டார்கள். பஸ் காசையாவது தரவேண்டும்.

போகும் நாளில் கண்ணாடி வளையலை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். மைக்கில் அந்தச் சத்தம் வசனத்தைவிடத் தெளிவாகக் கேட்கும்.