கேள்வி பதில்: புகை குறைஞ்சும் ஏரி ஏன் தேறல?

கேள்வி: மகன் யுனிவர்சிட்டில, ஆசிட் மழையால ஏரித் தண்ணி எப்படி மாறும்னு கம்ப்யூட்டர்ல மாடல் பண்றான். ஐரோப்பாவுல புகைய குறைச்சு பல வருஷமாகியும் நார்வேல சில ஏரி முழுசா தேறலயாம். ஆசிட் விழுறது குறைஞ்சா தண்ணி சரியாகணும்தானே?
- தோட்டத்து வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அக்கா, நீங்க மழைய மட்டும் பாக்குறீங்க, ஆனா ஏரிக்கு வர்ற தண்ணி பெரும்பாலும் மண்ணுக்குள்ள ஊறித்தான் வருது, விஷயமே அங்கதான் இருக்கு. சுத்தமான மழையே லேசா புளிப்புத்தான், பிஎச் 5.6 கிட்ட இருக்கும் (பிஎச்ங்கிறது புளிப்ப அளக்குற நம்பர், அது குறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி). நிலக்கரிப் புகையோட சல்பர் சேர்ந்தா சல்பூரிக் ஆசிட்டா இறங்கும். மண்ணு தன்கிட்ட இருக்குற கால்சியம், மெக்னீசியத்த விட்டுக்குடுத்து அந்த ஆசிட்ட பிடிச்சுக்கும். தோட்டத்துக் கடையில அரிசி மூட்டை குறையுற மாதிரின்னு வச்சுக்குங்க, ஆனா இங்க புது மூட்டை கொண்டு வர்ற லாரி பாறைதான், அது கரைஞ்சு கால்சியம் குடுக்க ரொம்ப வருஷம் பிடிக்கும். சரக்கு தீர்ந்த மண்ணுலருந்து அலுமினியம் கரைஞ்சு ஏரிக்கு வந்து மீனோட செவுள்ல ஒட்டிக்குது, பாவம் அதுக்கு மூச்சே விட முடியாது. மழை நல்லானாலும் கடை காலியாத்தானே கிடக்கு, அதான் ஏரி தேற லேட்டாகுது.

1985ல வந்த மேஜிக்ங்கிற மாடல் இந்தக் கணக்கத்தான் வருஷா வருஷம் போடுது. பேக்டரிப் புகை பெருகுறதுக்கு முந்தின காலத்துலருந்து ஆரம்பிச்சு இன்னிக்கு வரை ஓட்டி, இப்ப அளந்த மண்ணுக்கும் தண்ணிக்கும் ஒத்து வர்ற வரைக்கும் திருத்தி, அப்புறம்தான் வரப்போற வருஷங்களுக்கு ஓட்டுவாங்க. பாறை எவ்வளவு வேகமா கரையுதுன்னு நேரா அளக்குறது கஷ்டம், அதனால அந்த நம்பர திருத்தித் திருத்தித்தான் கண்டுபிடிக்கிறாங்க, எனக்கு மாடல்ல ரொம்ப பயமான இடம் அதுதான். தப்பான நம்பர் வச்சும் இன்னிக்குத் தண்ணிய சரியா காட்டிட முடியும். அதுக்குத்தான் ஏரி அடிச் சேத்துல படிஞ்ச டயட்டம்ங்கிற ரொம்பச் சின்னப் பாசியோட ஓட்டப் பாத்து பழைய பிஎச்ச கணிச்சு ஒப்பிடுறாங்க, மகன்கிட்ட அதக் கேளுங்க.

இன்னொண்ணு, நார்வே நம்பர அப்படியே நம்ம மலேசியாவுக்குப் போடக்கூடாது. நம்ம செம்மண்ணுல இரும்பும் அலுமினியமும் ஜாஸ்தி, அது சல்பூரிக் ஆசிட்டோட வர்ற சல்பேட்ட பிடிச்சு வச்சுக்கும், ஆசிட் ஏறுறதும் லேட்டு, பிடிச்சத பின்னாடி விட்டா தேறுறதும் லேட்டு. ஈப்போ பக்கம் சுண்ணாம்பு மலைய ஒட்டி ஓடி வர்ற தண்ணிக்கு ஆசிட்ட தாங்குற சக்தி அதிகம், கருங்கல் மலைத் தண்ணிக்கு அது கம்மி, அதனால எந்த மலைத் தண்ணின்னு முதல்ல அவன்கிட்ட கேட்டுக்குங்க அக்கா.