பத்து நிமிடத்தில் எழுந்து வந்தீர்களே, பிறகு?

கேள்வி: மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள அரசு உதவி பெறும் கல்லூரியில் வேதியியல் துறைத்தலைவராக இருக்கிறேன். வயது 53. கல்லூரியின் தர உறுதிப் பிரிவுக்கும் நானே ஒருங்கிணைப்பாளர். ஆசிரியர்கள் நன்றாகப் பாடம் நடத்த வேண்டும் என்று இந்த ஆண்டு மட்டும் ஏழு பயிற்சி முகாம்கள் நடத்தினேன். வருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். என் துறையில் சேர்ந்து இரண்டாண்டு ஆகப்போகும் இளைஞர் ஒருவர் முனைவர் பட்டம் பெற்றவர், கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் தேர்ச்சியும் உண்டு. ஆனால் அவர் நடத்துவது புரியவில்லை என்று முதலாண்டு மாணவர்கள் புகார் சொல்கிறார்கள். ஒருநாள் நானே அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் முதல்வர் அழைத்ததால் எழுந்து வர வேண்டியதாயிற்று. இப்போது என்னைக் கண்டாலே ஒதுங்குகிறார். துறையை ஒரு குடும்பம் போலத்தான் நடத்துகிறேன். அவருடைய தகுதிகாண் பருவம் முடியப்போகிறது. வெளியிலிருந்து நல்ல பயிற்றுநர் ஒருவரை (பெயர் இருந்தால் சொல்லுங்கள்) அழைப்பதா, நிர்வாகத்துக்கு எழுதிவிடுவதா? என் வேலைப்பளு உங்களுக்குப் புரிய, துறையின் கால அட்டவணையையும் இணைத்திருக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் மூன்று பக்கம் அந்த ஏழு முகாம்கள். பேச வந்தவர்கள், தலைப்புகள், கலந்துகொண்டோர் எண்ணிக்கை, மதியச் சாப்பாட்டுச் செலவு வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இளைஞரின் வகுப்பில் உட்கார்ந்ததற்கு இரண்டே வரி. நான் அந்த இரண்டு வரியைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன்.

பத்து நிமிடம் உட்கார்ந்தீர்கள், எழுந்து வந்தீர்கள். பிறகு? கடிதத்தை மூன்று முறை படித்துப் பார்த்தேன். அதைப் பற்றி நீங்கள் அவரிடம் ஒரு சொல் பேசியதாகவும் இல்லை. அன்று மாலையும் இல்லை, மறுநாளும் இல்லை. அடுத்த வாக்கியத்திலேயே அவர் ஒதுங்கிப் போவதாகக் குறைப்படுகிறீர்கள். ஒதுங்காமல் என்ன செய்வார்? துறைத்தலைவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்தார், பாடம் சூடு பிடிப்பதற்குள் வகுப்பே பார்க்க எழுந்து போய்விட்டார். முதல்வர் அழைத்தது உங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? கேட்கச் சகிக்காமல் போய்விட்டார் என்றுதான் நினைத்திருப்பார். பிள்ளைகளும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அன்றைக்குப் பிறகு புகார்கள் கூடினவா என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

இதில் 'குடும்பம் போல' என்று வேறு எழுதுகிறீர்கள். புதிதாக வந்த மருமகள் குழம்பு வைத்திருக்கிறாள். மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து கை கழுவப் போகிறாள். அடுத்த வாரம் அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூட்டி, சமையல் செய்வது எப்படி என்று ஒருவரைப் பேசச் சொல்கிறாள். மருமகளையும் முன்வரிசையில் உட்கார வைக்கிறாள். உங்கள் ஏழு முகாம்கள் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவருக்கும் இருந்திருக்கும். என் மாமியார் கோபக்காரி. 'புளி தூக்கல், இன்னும் ஒரு கொதி விட்டிருக்கலாம்' என்று முகத்துக்கு நேரே சொல்வார். அழுதிருக்கிறேன். ஆனால் அவர் என் சமையலை முழுதாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னார். மூத்தவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை சும்மா கிடைப்பதில்லை. உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்வது அவர்கள் கடமை. அந்தக் கடமையைச் செய்யாதவர் குடும்பம் என்ற சொல்லை எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

அந்தப் பிள்ளைக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள், சொல்லுங்கள். ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்தப் போகிறவர்கூட பி.எட். படிக்கையில் பள்ளிக்குப் போய் வாரக்கணக்கில் வகுப்பெடுத்துப் பழக வேண்டும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெழுதுவார். கல்லூரி ஆசிரியருக்கு அது கிடையாது. நெட் தேர்வின் முதல் தாளில் 50 கேள்விகள், அதில் கற்பிக்கும் திறனுக்கு 5. அதுவும் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. முனைவர் பட்டமோ ஆய்வகத்தில் நாலைந்து வருடம் குடுவையோடு பேசி வாங்குவது. குடுவை எதிர்க்கேள்வி கேட்காது.

இந்தக் குறை மேலே இருப்பவர்களுக்குத் தெரியாததும் இல்லை. 1986-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, கல்லூரி ஆசிரியர்களுக்கென்றே பல்கலைக்கழக மானியக் குழு பயிற்சி மையங்களைத் தொடங்கியது. சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் அவை உண்டு. பெயர் மாறி மாறி, 2023 முதல் மதன் மோகன் மாளவியா பெயரில் நடக்கின்றன. அங்கே நடக்கும் புத்தொளிப் பயிற்சிக்கு, அதாவது பணியில் இருப்பவர்கள் தங்கள் பாட அறிவைப் புதுப்பித்துக்கொள்ளும் பயிற்சிக்கு, போனவர்களைக் கேட்டால் நல்ல உரைகள் கேட்டதாகச் சொல்வார்கள், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் பதவி உயர்வுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும் என்று விதி வைத்த பிறகு, சான்றிதழுக்காகத்தான் வருவார்கள். உங்கள் முகாம்களுக்கும் அதேதான். மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள், அந்த ஏழு என்ற எண் ஆசிரியர்களுக்காகவா, தரமதிப்பீட்டுக் குழு வரும்போது கோப்பில் காட்டவா?

1984-இல் நான் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். வயது 24. முதலாண்டு வகுப்புக்கு மோல் கணக்கு. என் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர், முதல்நாளே 'நாளைக்கு வந்து உட்காரட்டுமா அம்மா?' என்று கேட்டுவிட்டு வந்தார். பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சின் ஓரத்தில் ஐம்பது நிமிடமும் உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் கேன்டீனுக்கு அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். நான் நடத்தியது நன்றா மோசமா என்று அவர் சொல்லவே இல்லை. ஒரு மாணவியிடம் கேட்டு வாங்கி வந்த நோட்டைத் திறந்து வைத்தார். ஒரு மோலில் எத்தனை துகள்கள் என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணை நான் பலகையில் எழுதியிருந்தேன், 6.023 பெருக்கல் பத்தின் அடுக்கு 23 என்று. (அப்போது எங்கள் பாடநூலில் 6.023தான்.) அந்தப் பெண் 6.023 × 1023 என்று எழுதியிருந்தாள். அடுக்கு மேலே ஏறவில்லை. ஆயிரத்து இருபத்து மூன்று! அதை வைத்துக் கணக்கும் போட்டு, விடைக்கு அடியில் அழகாகக் கோடும் போட்டிருந்தாள். 'நீங்கள் எழுதும் சின்ன எழுத்து கடைசி பெஞ்சுக்குத் தெரியவில்லை அம்மா, நானும் முதலில் அப்படித்தான் படித்தேன்' என்றார். அவ்வளவுதான். ஓய்வு பெறும் வரை அடுக்கு எண்ணைத் தேங்காய் அளவுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைப் பார்க்க வரவில்லை, அந்தப் பெண்ணின் நோட்டைப் பார்க்க வந்திருக்கிறார். ஜப்பானில் பள்ளி ஆசிரியர்கள் இதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். நாலைந்து பேர் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று மாணவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு பேச்செல்லாம் பாடத்தைப் பற்றி. எங்கள் பேராசிரியர் ஜப்பானைப் படித்துவிட்டு வந்தவர் இல்லை.

பயிற்றுநர் பெயர் கேட்கிறீர்கள். தரமாட்டேன். எட்டாவது முகாம் வேண்டாம். முதலில் அவரிடம் போய், அன்றைக்கு எழுந்து போனதற்கு முதல்வரின் அழைப்புதான் காரணம் என்றும், அதை அன்றே சொல்லாதது உங்கள் தவறு என்றும் சொல்லுங்கள். கௌரவம் குறையும் என்று தயங்காதீர்கள். அடுத்து, அவரை உங்கள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள். இத்தனை வருடப் பணியில் உங்கள் வகுப்பில் யாராவது உட்கார்ந்ததுண்டா? அதைப் பற்றியும் கடிதத்தில் ஒரு வரி இல்லை. வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது துண்டுச் சீட்டு கொடுத்து, புரியாத இடம் எது என்று பெயர் போடாமல் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள், தமிழில். பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்குக் கேள்வியே தமிழில்தான் வரும். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் 'எல்லாம் புரிந்தது' என்று எழுதிவிடும். உங்கள் வகுப்பின் சீட்டுகளை அவர் முன்னாலேயே பிரித்துப் படியுங்கள். வருத்தமாக இருக்கும். படியுங்கள். அதன் பிறகு அவர் அழைத்தால் அவர் வகுப்புக்குப் போங்கள், முழுநேரமும் இருங்கள். அன்றைக்கே ஒன்றே ஒன்று சொல்லுங்கள், ஒன்பது சொல்லாதீர்கள். இதில் எதையும் தர உறுதிப் பிரிவின் கோப்பில் சேர்க்காதீர்கள். கோப்பில் ஏறினால் அது மதிப்பெண் ஆகிவிடும், அவர் மறுபடி ஒதுங்குவார்.

நிர்வாகத்துக்கு எழுதுவதா என்றால், இப்போது எழுதினால் நீங்கள் எழுதப்போவது பத்து நிமிட அறிக்கை. சம்பளம் வாங்கும் ஒருவருடைய வேலையைப் பத்து நிமிடத்தில் எடை போட உங்களுக்கு உரிமை இல்லை. அதற்காக அவரைத் தாங்கிப் பிடிக்கவும் நான் சொல்லவில்லை. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய வீட்டுப் பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். இத்தனையும் செய்த பிறகும் ஒரு பருவம் முழுக்க அவர் அசையவில்லை என்றால், தகுதிகாண் பருவத்தை நீட்டிக்கச் சொல்லி எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அவரை உட்கார வைத்துச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பிய கால அட்டவணை என் முன்னால் இருக்கிறது. திங்கட்கிழமை மூன்றாம் மணி உங்களுக்கு முதலாண்டு வகுப்பு, அவருக்கு ஓய்வு. வெள்ளிக்கிழமையே அவரிடம் கேட்டு வையுங்கள். முதல்வர் அழைத்தால் வகுப்பு முடிந்துதான் வருவேன் என்று அலுவலக உதவியாளரிடமும் சொல்லி வையுங்கள்.