செத்தவீட்டில் அழுததாலா கரு கலைந்தது?

கேள்வி: டொக்டர், எனக்கு 29 வயது. முதல் பிள்ளை, ஒன்பது கிழமையில் கலைந்துவிட்டது. அதற்குப் பத்து நாள் முன்புதான் அப்பா மாரடைப்பில் போனார். "பிள்ளைத்தாச்சி செத்தவீட்டில் கிடந்து கத்தினால் வேறென்ன நடக்கும்" என்கிறார் மாமி. ஸ்கானில் ஆறு கிழமை வளர்ச்சிதான் என்று எழுதியிருக்கிறது; எனக்கோ தேதி நன்றாக நினைவிருக்கிறது. நான்தான் காரணமா? அப்பாவின் அந்தியேட்டிக்காவது போகலாமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: தங்கச்சி, பதில் அந்த ஸ்கான் துண்டிலேயே இருக்கிறது. ஒன்பது கிழமையில் கரு ஆறு கிழமை அளவில் நிற்கிறதென்றால், அது வளராமல் நின்று ஏறக்குறைய மூன்று கிழமை. அப்போது அப்பா உயிரோடு இருந்தார். இரத்தம் பிந்தித்தான் படும். மாமி இரத்தம் பட்ட நாளிலிருந்து கணக்குப் பார்க்கிறார்.

முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதியளவுக்கு நிறமூர்த்தக் (குரோமோசோம்) கோளாறுதான் காரணம். அது பெரும்பாலும் கரு உண்டாகும்போதே அமைந்துவிடுவது. அழுதாலும் சிரித்தாலும் மாறாது.

சரி, மனக்கவலைக்கும் கருச்சிதைவுக்கும் சம்பந்தமே இல்லையா? அப்படியும் சொல்லமாட்டேன். 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கடும் மனஅழுத்தத்துக்கு ஆளானவர்களிடம் கருச்சிதைவு ஓரளவு கூடுதலாகத்தான் தெரிந்தது. ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றில் கருவைப் பறிகொடுத்த பிறகுதான் கேள்வி கேட்கிறார்கள். அந்த நேரத்தில் யாருக்குத்தான் ஒரு துக்கம் நினைவுக்கு வராது? நல்லபடியாகப் பெற்றவளை யாரும் அப்படித் துருவுவதில்லை. 2006 போரின்போது சம்பூரிலிருந்தும் மூதூரிலிருந்தும் வயிற்றோடு ஓடிவந்து, சுகமாகப் பெற்றவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். உங்கள் மாமிக்கும் இரண்டொருவரைத் தெரிந்திருக்கும்.

அந்தியேட்டிக்குத் தாராளமாகப் போங்கள். அழுகை வந்தால் அழுங்கள். கிடாரம் தூக்குவது, அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்பது மட்டும் வேண்டாம். காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளை, ஒரு மணித்தியாலத்தில் பேட் நனையும் அளவுக்கு இரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. உங்கள் இரத்தம் நெகட்டிவ் வகையென்றால் ஊசி தேவையா என்று இன்றே கேளுங்கள், அதைத் தள்ளிப்போடக்கூடாது. அடுத்த பிள்ளைக்கு, ஒரு மாதவிடாய் வந்து, உங்கள் மனமும் சரியென்றால் போதும். போலிக் அசிட் குளிசையை இப்போதே தொடங்கலாம், உங்கள் மிட்வைஃபிடம் கேட்டால் தருவார். மாமியையும் ஒருநாள் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், ஸ்கான் துண்டோடு.